சர்க்கரையின் கதை – 19: பிராட்டிஸ்லாவாவில் இடம் மாறிய கார்பன்

1972-ஆம் ஆண்டு ‘கெமிட்ஸ்கே ஸ்வெஸ்தி’ என்ற ஸ்லோவாக் வேதியியல் இதழின் 26-ஆவது தொகுதியில் ஒரு கட்டுரை வந்தது. 183-ஆம் பக்கம் தொடங்கி 186-ஆம் பக்கத்தில் முடிந்துவிடும். எழுதியவர் வி. பீலிக். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில், டான்யூப் கரையிலுள்ள பிராட்டிஸ்லாவா நகரத்தில், ஸ்லோவாக் அறிவியல் கழகத்தின் வேதியியல் நிறுவனத்தில் சர்க்கரைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். நான்கே பக்கம்; பார்த்துவிட்டுப் புரட்டிப் போய்விடக்கூடிய கட்டுரைதான். ஆனால் அதற்குள் இருந்த விஷயம் முழுதாக வெளியே வர 27 வருடம் ஆனது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கதைதான்.

கட்டுரை சொல்வது இவ்வளவுதான். குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டியது. மாலிப்டிக் அமிலம் சிறிதளவு சேர்த்துச் சூடாக்க வேண்டியது. சில மணி நேரத்தில் குளுக்கோஸில் ஒரு பகுதி மானோஸாக மாறியிருக்கும். மானோஸை எடுத்து அதையே செய்தால் அதில் பெரும்பகுதி குளுக்கோஸாகிவிடும். எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: ஏறத்தாழ 3 பங்கு குளுக்கோஸ், 1 பங்கு மானோஸ்.

போன அத்தியாயத்தைப் படித்தவர்கள் இங்கே குறுக்கிடலாம். “இதில் என்ன புதுமை? 1895-லேயே ஹாலந்துக்காரர்கள் லோப்ரி டி பிராய்னும் அல்பெர்டா வான் ஏகென்ஸ்டைனும் குளுக்கோஸைக் காரத்தில் போட்டு மானோஸ் எடுத்துவிட்டார்களே?” நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் எடுத்தது மானோஸ் மட்டுமல்ல. காரத்தில் குளுக்கோஸ் முதலில் ஃபிரக்டோஸின் பக்கம் சாய்கிறது. வழியில் உருவாகும் இடைப்பொருளிலிருந்து மூன்று சர்க்கரைகளும் பிறக்கின்றன. அதில் அதிகம் தேறுவது ஃபிரக்டோஸ், மானோஸ் சொற்பம். கொஞ்சம் அசந்தால் பாத்திரம் முழுக்கப் பழுப்பு நிறக் கசண்டு. பீலிக்கின் பாத்திரத்தில் காரம் கிடையாது, லேசான அமிலம்தான். ஃபிரக்டோஸோ ஏறக்குறைய தலைகாட்டவே இல்லை.

குளுக்கோஸுக்கும் மானோஸுக்கும் ஒரே ஒரு வேறுபாடு என்பதை ஃபிஷர் அத்தியாயத்தில் பார்த்தோம். ஆறு கார்பன்களில் இரண்டாவது கார்பன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் பக்கம் மாறியிருக்கும், அவ்வளவே. அந்த ஒரு இடத்தை மட்டும் திருப்பிவிட்டு, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கார்பன்களைத் தொடாமல் விடுவது எப்படி? ஃபிரக்டோஸ் வழியாகப் போகவில்லை என்றால் வேறு எந்த வழியாகப் போயிற்று? அந்தக் கேள்விக்கு 1972-இல் யாரிடமும் உறுதியான விடை இல்லை.

விடை தெரியாவிட்டாலும் வினை வேலை செய்தது. பீலிக்கும் உடன் உழைத்தவர்களும் அடுத்தடுத்து வேறு பல சர்க்கரைகளையும் அதில் போட்டுப் பார்த்தார்கள். காலக்டோஸிலிருந்து டாலோஸ், சைலோஸிலிருந்து லிக்ஸோஸ், அரபினோஸிலிருந்து ரைபோஸ். ‘மாலிப்டேட் அயனிகள் ஊக்குவிக்கும் சர்க்கரை வினைகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ், தொடர்கதை மாதிரி எண் போட்டு, அதே இதழில் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. இவற்றில் மதிப்புக் கூடியது எல்-ரைபோஸ். நம் உடம்பின் ஆர்.என்.ஏ.வில் இருப்பது டி-ரைபோஸ். அதன் கண்ணாடிப் பிம்பமான எல்-ரைபோஸ் இயற்கையில் கிடைப்பதில்லை. எல்-அரபினோஸோ பீட்ரூட் சக்கையிலிருந்தும் மரப் பிசினிலிருந்தும் தாராளமாகக் கிடைப்பது. வெந்நீரும் ஒரு சிட்டிகை உலோக அமிலமும் இருந்தால் மலிவானது அரிதானதாகிறது. வைரஸை எதிர்க்கும் எல்-வகை நியூக்ளியோசைடு மருந்துகளைத் தேடிப் பின்னாளில் கிளம்பியவர்களுக்கு இது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

சர்க்கரை ஆய்வில் மாலிப்டினம் எங்கிருந்து வந்து நுழைந்தது? அது ஒன்றும் புது விருந்தாளி இல்லை. டார்டாரிக் அமிலக் கரைசலில் மாலிப்டேட்டைச் சேர்த்தால் அந்தக் கரைசல் ஒளித்தளத்தைச் சுழற்றும் அளவு தாறுமாறாக ஏறுகிறது என்று பிரான்சில் தெசிரே ஜெர்னே 1887-லேயே கண்டார். மானிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களிலும் அதே கூத்து. 1960-ஐ ஒட்டிய வருடங்களில் இங்கிலாந்தில் போர்ன், ஹட்சன், வைகல் மூவரும் மாலிப்டேட் கரைசலில் நனைத்த தாளில் மின்சாரம் பாய்ச்சிச் சர்க்கரைகளை ஓடவிட்டார்கள். சில சர்க்கரைகள் ஓடின, சில நகரவே இல்லை. ஹைட்ராக்சில்கள் எந்த அமைப்பில் நிற்கின்றன என்பதைப் பொறுத்து மாலிப்டினம் சில சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது என்று அதிலிருந்து விளங்கியது. பிடிக்கும் என்று தெரிந்திருந்தது. பிடித்த கையோடு உருவத்தையே மாற்றிவிடும் என்பதைத்தான் பிராட்டிஸ்லாவா காட்டிக்கொடுத்தது.

பத்து வருடம் கழித்து, 1982-இல், அமெரிக்காவிலிருந்து விடை வந்தது. ஹேய்ஸ், பென்னிங்ஸ், செரியானி, பார்க்கர் என்ற நால்வர் செய்த சோதனை அது. எனக்குத் தெரிந்த சர்க்கரைச் சோதனைகளிலேயே இவ்வளவு சிக்கனமானது, இவ்வளவு தீர்மானமானது வேறொன்று இல்லை. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உலகத்திலுள்ள கார்பனில் 100-க்கு 1.1 பங்குதான் கார்பன்-13. மீதி கிட்டத்தட்ட எல்லாம் கார்பன்-12. இவ்விரண்டில் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியின் கண்ணுக்குத் தெரிவது கார்பன்-13 மட்டுமே. எனவே ஒரு மூலக்கூறில் குறிப்பிட்ட ஓரிடத்தில் கார்பன்-13-ஐ வேண்டுமென்றே வைத்துவிட்டால், அந்த ஓரிடம் மட்டும் பளிச்சென்று தெரியும். நால்வரும் முதல் கார்பனில் அடையாளம் வைத்த குளுக்கோஸை எடுத்துக்கொண்டார்கள். அதை என்.எம்.ஆரில் வைத்தால் கருவியின் அளவுகோலில் 97-க்குப் பக்கத்தில் ஒன்றும் 93-க்குப் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு உயரமான கோடுகள் எழும்பும். வளையம் மூடிய குளுக்கோஸ் இரண்டு வடிவங்களில் இருப்பதால் இரண்டு கோடு. இனி இதை மாலிப்டேட்டோடு சூடாக்க வேண்டும். இரண்டாவது கார்பனில் ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் பக்கம் மாறியதுதான் நடந்தது என்றால், உருவாகும் மானோஸிலும் அடையாளம் முதல் கார்பனிலேயே இருக்க வேண்டும். கோடுகள் 95-ஐ ஒட்டி எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை. மானோஸின் உயரமான கோடுகள் 72-க்குப் பக்கத்தில் நின்றன. அது மானோஸின் இரண்டாவது கார்பனுக்கு உரிய இடம். ஆக, குளுக்கோஸில் முதலாவதாக இருந்த கார்பன் மானோஸில் இரண்டாவதாகிவிட்டது. யாரும் பக்கம் திரும்பவில்லை. எலும்புக்கூடே கழன்று மாற்றி மாட்டப்பட்டிருக்கிறது!

ரயில் நிலையத்தில் ஷன்டிங் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். முன்னால் இன்ஜின், அதன் பின்னே ஒரு பெட்டி, அதன் பின்னே மீதி வரிசை. மீதி வரிசையை அந்த முதல் பெட்டியிலிருந்து கழற்றி, கொண்டுபோய் இன்ஜினிலேயே மாட்டிவிட்டால் என்ன ஆகும்? இன்ஜின் நடுவில் வந்துவிடும், முதல் பெட்டி தலைப்புக்குப் போய்விடும். குளுக்கோஸில் மூன்று முதல் ஆறு வரையிலான கார்பன்கள்தான் அந்த மீதி வரிசை. இரண்டாவது கார்பனுக்கும் மூன்றாவதற்கும் நடுவிலுள்ள பிணைப்பு அறுபடுகிறது. அதே நேரத்தில் முதல் கார்பனுக்கும் மூன்றாவதற்கும் புதுப் பிணைப்பு உண்டாகிறது. பழைய இரண்டாவது கார்பன் இப்போது தலைப்பில் நின்று, ஆல்டிஹைடு வேலையையும் தானே ஏற்றுக்கொள்கிறது. இன்ஜின் பெட்டியாவதும் பெட்டி இன்ஜினாவதும் ரயில்வேயில் நடக்காது, வேதியியலில் நடக்கிறது.

இதில் உலோகத்தின் வேலை என்ன? தண்ணீரில் குளுக்கோஸ் பெரும்பாலும் வளையமாகச் சுருண்டுதான் கிடக்கும். நேர்ச் சங்கிலியாக நிற்பவை லட்சத்தில் சில மூலக்கூறுகளே. அந்தச் சிலவற்றில் ஆல்டிஹைடு முனை ஒரு நீர் மூலக்கூறை ஏற்றுக்கொண்டு நிற்கும்போது, இரண்டு மாலிப்டினம் அணுக்கள் சேர்ந்த ஒரு கூட்டு அதைப் பற்றுகிறது. முதல் கார்பன் தொடங்கி நான்காவது வரை வரிசையாக நான்கு ஆக்சிஜன்கள் உலோகத்தின் பிடிக்குள் போகின்றன. நான்கு இடத்தில் பிடிபட்ட சங்கிலி இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ள முடியாது. மூன்றாவது கார்பன் எந்தத் திசையிலிருந்து முதல் கார்பனை அணுக முடியும் என்பது அந்தப் பிடியிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இடம் மாறிப் புதிதாக உருவாகும் சர்க்கரைக்கு ஒரே ஒரு முப்பரிமாண அமைப்பு. இரண்டும் கலந்த கலவை இல்லை. வேதியியலார் ‘தேர்வுத்திறன்’ என்று சொல்லும் சமாச்சாரம் இதுதான். அதை உண்டாக்க இங்கே பெரிய கைவினை எதுவும் தேவைப்படவில்லை. சர்க்கரையிடம் ஏற்கெனவே இருக்கும் ஹைட்ராக்சில்களையே உலோகம் கைப்பிடியாக்கிக்கொண்டது.

1987-இல் ஜப்பானின் டனாசே குழு நிக்கலோடு டைஅமீன்களைச் சேர்த்து இதே எலும்புக்கூடு மாற்றத்தைச் செய்துகாட்டியது. மாலிப்டினத்தின் தனி வித்தை இல்லை, பொருத்தமான பிடி கிடைத்தால் வேறு உலோகமும் செய்யும் என்பது அதோடு உறுதியானது.

இதுவரை சொன்னது எல்லாம் நேர்ச் சங்கிலிச் சர்க்கரைகளின் கதை. இப்போது வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, தலைப்பிலிருந்து விலகி நிற்கும் ஒரு கூட்டத்தைப் பார்க்க வேண்டும்: கிளைவிட்ட சர்க்கரைகள்.

சாதாரணச் சர்க்கரையில் கார்பன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். எந்தக் கார்பனும் இரண்டு கார்பன்களுக்கு மேல் கைகோத்திருக்காது. அபூர்வமாகச் சிலவற்றில் நடுவிலுள்ள ஒரு கார்பன் மூன்றாவது கார்பன் ஒன்றையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் கிளை. 1880-ஐ ஒட்டி பெலிகோ என்ற பிரெஞ்சு வேதியியலார் சர்க்கரையைச் சுண்ணாம்போடு ஊறப்போட்டு ஒரு படிகம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் சாக்கரின். கிளைவிட்ட சர்க்கரை அமிலம் ஒன்றின் லாக்டோன் அது. அந்தப் பெயரைக் கிட்டத்தட்ட அதே சமயத்தில் செயற்கை இனிப்பு ஒன்று தட்டிக்கொண்டு போய்விட்டதால், அசல் சாக்கரினை இன்று வேதியியலாருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சில வருடம் கழித்து, 1885-இல், கிலியானி ஃபிரக்டோஸோடு சயனைடைச் சேர்த்துக் கிளைவிட்ட அமிலம் ஒன்றைச் செய்தார். அவருக்குக் கிளை முக்கியமில்லை. ஃபிரக்டோஸின் கீட்டோன் எந்தக் கார்பனில் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபித்துவிட்டுப் போய்விட்டார்.

செடிகளில் இவை இருக்கின்றன என்பது தெரியவந்தது அதன் பிறகு. 1901-இல் வோங்கெரிக்டென் பார்ஸ்லிக் கீரையிலிருந்து ஐந்து கார்பன் கொண்ட அபியோஸைப் பிரித்தார். வட அமெரிக்கக் காடுகளில் வளரும் விட்ச் ஹேசல் என்ற புதர்ச்செடியின் பட்டையில் துவர்ப்பான ஒரு பொருள் உண்டு. அழகுசாதனக் கடையில் முகத்தில் தடவும் டோனராக விற்கிறார்களே, அதே விட்ச் ஹேசல்தான். ஆனால் பாட்டிலில் வருவது பெரும்பாலும் வாலையில் வடித்த நீர், துவர்ப்புப் பொருள் அதில் சொல்லும்படியாக இருக்காது. 1898-இல் க்ரூட்னர் அந்தத் துவர்ப்பைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1912-இல் எமில் ஃபிஷரும் அவருடைய மாணவர் கார்ல் ஃபிராய்டன்பர்க்கும் அதில் கைவைத்தார்கள். இரண்டு காலிக் அமிலங்கள் ஒரு சர்க்கரையோடு ஒட்டியிருந்தன. அந்தச் சர்க்கரை ஃபிஷருக்குத் தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை. ஃபிஷருக்கே தெரியாத சர்க்கரை என்றால் அது ஏதோ விசேஷமானது என்றுதானே அர்த்தம்? ஹமமெலோஸ் என்ற பெயரோடு அது கிடந்தது. 1929-இல் ஓ. டி. ஷ்மிட் அதன் இரண்டாவது கார்பனில் கிளை இருப்பதைக் காட்டினார். ரைபோஸ் மாதிரியே ஐந்து கார்பன் சங்கிலி, இரண்டாவது கார்பனிலிருந்து பக்கவாட்டில் ஒரு ஹைட்ராக்சிமெத்தில்.

இவை வேடிக்கைப் பொருட்கள் என்ற எண்ணத்தை நுண்ணுயிர் மருந்துகள்தான் மாற்றின. நம் ஊரில் காசநோய்க்காகப் பல தலைமுறைக்கு ஊசி போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினின் நடுவில் இருப்பது ஸ்ட்ரெப்டோஸ் என்ற கிளைச் சர்க்கரை. எரித்ரோமைசினில் கிளாடினோஸ், வான்கோமைசினில் வான்கோசமீன், இரண்டும் கிளை உள்ளவை. பார்ஸ்லிக் கீரையில் கண்ட அபியோஸோ பெரும்பாலான தரைச் செடிகளின் செல் சுவரிலும் உண்டு என்று பின்னால் தெரிந்தது. அந்தச் சுவரிலுள்ள பெக்டின் இழைகள் இரண்டைப் போரான் இணைத்துப் பிடித்திருப்பது அபியோஸ் வழியாகத்தான் என்று 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். போரான் பற்றாக்குறையில் பயிர் ஏன் கருகுகிறது என்பதற்கான விளக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் கிளைச் சர்க்கரை செய்வது எப்படி? 1960-களில் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் ஓவரெண்டும் அவருடைய குழுவினரும் இதை ஒரு தவமாகவே செய்தார்கள். முறை இப்படி. சர்க்கரையில் எல்லா ஹைட்ராக்சிலும் வேதியியல் ரீதியாக ஏறக்குறைய ஒரே குணம் கொண்டவை. ஆகவே வேண்டாதவற்றுக்கெல்லாம் முதலில் மூடி போட வேண்டும். திறந்து விட்ட ஒன்றை மட்டும் கீட்டோனாக ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். அந்தக் கீட்டோன் மேல் புதுக் கார்பனை ஒட்டுவதற்குக் கிரிக்னார்டு கரணியையோ டையசோமீத்தேனையோ ஏவ வேண்டும். கடைசியில் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் கைநழுவும். இதைவிடப் பெரிய தலைவலி, கீட்டோனுக்கு இரண்டு முகம். கரணி மேலிருந்து வந்து ஒட்டினால் ஒரு சர்க்கரை, கீழிருந்து வந்து ஒட்டினால் வேறு சர்க்கரை. எந்தப் பக்கம் வரும் என்பது போட்டிருக்கும் மூடியின் பருமனைப் பொறுத்தது. வேண்டிய பக்கம் வராவிட்டால் மூடியை மாற்றி மறுபடி முதலிலிருந்து. 1965-இல் இப்படித்தான் எல்-ஹமமெலோஸைச் செய்து முடித்தார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஹமமெலோஸின் கிளை எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது என்ற சந்தேகம் தீர்ந்ததே அதனால்தான். ஆனால் ஒரு பாக்கெட் சர்க்கரையும் ஒரு சிட்டிகை வினையூக்கியும் இருந்தால் போதும் என்ற நிலைக்கும் இதற்கும் வெகுதூரம்.

இப்போது பிராட்டிஸ்லாவாவுக்குத் திரும்பலாம். குளுக்கோஸ் மானோஸாவது எலும்புக்கூடு மாற்றம்தான் என்பது 1982-இல் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். இதே வினையில் ஆல்டிஹைடுச் சர்க்கரைக்குப் பதிலாகக் கீட்டோன் சர்க்கரையை, அதாவது ஃபிரக்டோஸை வைத்தால் என்ன ஆகும்?

ஷன்டிங் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஃபிரக்டோஸில் இன்ஜின் இரண்டாவது கார்பன். அதற்கு முன்னால் முதல் கார்பன் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் மூன்றாவது, அப்புறம் நான்கு முதல் ஆறு வரை மீதி வரிசை. மீதி வரிசையை மூன்றாவதிலிருந்து கழற்றி இரண்டாவதில் மாட்டினால், மூன்றாவது கார்பன் தலைப்புக்குப் போய் ஆல்டிஹைடாகிறது. இரண்டாவது கார்பனைச் சுற்றி இப்போது மூன்று கார்பன்கள்: பழைய மூன்றாவது, பழைய நான்காவது, விட்டு நீங்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய முதலாவது. கிளை தானாகவே வந்துவிட்டது! சயனைடு வேண்டாம், கிரிக்னார்டு வேண்டாம், மூடி போட்டுக் கழற்றும் வேலையும் வேண்டாம்.

காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கு பாத்திரத்திலும் சரியாக வருகிறது என்பது 1999-இல் ‘கார்போஹைட்ரேட் ரிசர்ச்’ இதழில் வெளியானது. எழுதியவர்களில் சுசானா ஹ்ரிட்சோவீனியோவா, லாடிஸ்லாவ் பெட்ருஷ் முதலியோர் பிராட்டிஸ்லாவாவின் அதே வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவில் 1982-இல் கார்பன்-13 சோதனை செய்த நால்வரில் ஒருவரான ஆன்டனி செரியானியும் உடன் எழுத்தாளர். பத்து வருட இடைவெளியில் ஒரே வினையைக் கடலுக்கு இருபுறமும் ஆராய்ந்த இரண்டு கூடங்கள் ஒரே கட்டுரையில் வந்து சேர்ந்தன. டி-ஃபிரக்டோஸை மாலிப்டிக் அமிலக் கரைசலில் சூடாக்கினால் டி-ஹமமெலோஸ் கிடைத்தது. விட்ச் ஹேசல் பட்டையிலிருந்து ஃபிஷர் பிரித்துவிட்டு விழித்த அதே சர்க்கரை. எல்-சார்போஸ், டி-டாகடோஸ், டி-சைகோஸ் மூன்றும் தத்தம் கிளைச் சர்க்கரையைக் கொடுத்தன. டாகடோஸும் சைகோஸும் நடுவே ஆளுக்கு ஓரிடத்தில் மட்டும் ஃபிரக்டோஸிலிருந்து மாறுபட்டவை; அந்தச் சின்ன மாறுதல் விளைவிலும் தெரிந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: புதிதாக உண்டாகும் இரண்டாவது கார்பனில் ரைபோஸ் மாதிரி ஓர் அமைப்பும் அரபினோஸ் மாதிரி ஓர் அமைப்பும் வர வாய்ப்பு இருந்தது. ஃபிரக்டோஸிலிருந்து வந்தது ரைபோஸ் மாதிரியான ஒன்று மட்டும். பிர்க்பெக்கில் மூடி மாற்றி மாற்றி எதற்காகப் போராடினார்களோ, அதை இரண்டு மாலிப்டினம் அணுக்கள் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் முடித்துவைத்தன.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமும் இதுவே, உறுத்துகிற இடமும் இதுவே. பிடித்தது ஏன் என்றால், வினை எப்படி நடக்கிறது என்ற அறிவு இங்கே வெறும் விளக்கமாக நின்றுவிடவில்லை. குளுக்கோஸில் இரண்டாவது கார்பன் திரும்புகிறது என்று மட்டும் நம்பிக்கொண்டிருந்தால், ஃபிரக்டோஸைப் போட்டுப் பார்க்க யாருக்கும் காரணமே இருந்திருக்காது. ஃபிரக்டோஸின் இரண்டாவது கார்பனில் திருப்புவதற்கு ஹைட்ரஜனே இல்லை. 95-இல் நிற்க வேண்டிய கோடு 72-இல் நின்றதனால்தான் கிளைக்கு வழி பிறந்தது. உறுத்துவது 1982-க்கும் 1999-க்கும் இடையே ஓடிய 17 வருடம். கணக்கு அவ்வளவு வெளிப்படையாக இருந்தும் முழுச் சித்திரம் அச்சில் வர இவ்வளவு காலம். இந்தத் தொடரில் இப்படிப்பட்ட இடைவெளிகளை அடிக்கடி பார்க்கிறோம்.

ஒரு குறையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வினையூக்கி வேகத்தைத்தான் கூட்டும். சமநிலை எங்கே நிற்கும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. குளுக்கோஸ்-மானோஸ் ஜோடியில் நாலில் ஒரு பங்காவது மானோஸ் தேறியது. ஃபிரக்டோஸ்-ஹமமெலோஸ் ஜோடியில் தராசு ஃபிரக்டோஸ் பக்கம் வெகுவாகச் சாய்ந்திருக்கிறது. பாத்திரத்தில் பெரும்பகுதி போட்ட சர்க்கரையாகவே மிஞ்சும். சிறு பங்குதான் கிளைவிடும். அதைப் பிரித்தெடுக்கப் பத்தி முறை வேண்டும், பொறுமை வேண்டும். ஆனாலும் மிஞ்சிய ஃபிரக்டோஸ் கெட்டுப்போவதில்லை. அதையே திரும்பக் காய்ச்சலாம். பல படிகளில் பாதிப் பாதியாகக் கைநழுவும் பழைய வழியோடு ஒப்பிட்டால், ஒரே படியில் கொஞ்சம் கிடைப்பது மோசமில்லை என்றுதான் நான் சொல்வேன்.

இயற்கை இந்த வித்தையை மனிதனுக்கு முன்பே கற்றுவைத்திருந்தது என்பது இந்தக் கதையின் உபகதை. 1968-இல், பீலிக்கின் நான்கு பக்கக் கட்டுரைக்கும் நான்கு வருடம் முன்பு, ஜெர்மனியில் எர்வின் பெக், ஆட்டோ காண்ட்லர் முதலியோர் ஆல்ப்ஸ் மலையில் பூக்கும் பிரிமுலா என்ற செடியின் இலைக்குக் கதிரியக்கக் கார்பன்-14 கொண்ட கார்பன்-டை-ஆக்சைடைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். இலையில் உண்டான ஹமமெலோஸில் அந்தக் கார்பன் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஃபிரக்டோஸின் எலும்புக்கூடு உள்ளுக்குள்ளேயே மடங்கி மாறித்தான் ஹமமெலோஸ் உண்டாகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். விட்ச் ஹேசலும் பிரிமுலாவும் மட்டும் இல்லை. சாம்பாரில் போடும் பீன்ஸின் இலையிலும் ஹமமெலோஸ் வேலை செய்கிறது. இரவில் ஒளி இல்லாத நேரத்தில் கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியை மூடிவைக்கும் ஒரு பொருள் அந்த இலையில் உண்டாகிறது. அது ஹமமெலோஸிலிருந்து செய்யப்படுகிறது என்று 1996-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேடிக்கைச் சர்க்கரை என்று ஒதுக்கிவைத்தது செடிக்கு இரவுப் பூட்டின் சாவியாக இருந்திருக்கிறது.

2000-க்குப் பிறகு கிளைச் சர்க்கரைக்குப் பணமதிப்பும் வந்தது. கல்லீரலைத் தின்னும் ஹெபடைட்டிஸ்-சி வைரஸை அடக்க, இரண்டாவது கார்பனில் மெத்தில் கிளை கொண்ட ரைபோஸ் நியூக்ளியோசைடுகள் சரியான ஆயுதம் என்று தெரிந்தது. அந்த வரிசையில் வந்த சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 12 வாரச் சிகிச்சைக்கு அங்கே வைத்த விலை 84,000 டாலர். 2014-இல் இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு உரிமம் கிடைத்த பிறகுதான் அது நம் பக்கத்து நோயாளிகளுக்கு எட்டும் விலைக்கு இறங்கியது.

இந்த மெத்தில் கிளைக்கு மாலிப்டினம் கைகொடுத்ததா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் ஃப்ளீட்டின் குழுவும் மருந்துத் துறை வேதியியலாரும் சேர்ந்து 2006-ஐ ஒட்டி எடுத்த வழி பெலிகோவின் வழி: குளுக்கோஸை ஓர் அமீனோடு சேர்த்து உருமாற்றிவிட்டு, பிறகு சுண்ணாம்பில் போடுவது. அசல் சாக்கரின், 125 வருடம் கழித்து, உறக்கம் கலைந்து எழுந்து வந்தது. வெறும் சுண்ணாம்பில் ஊறினால் வாரக்கணக்கில் காத்திருந்தும் பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது என்ற நிலையை அந்த அமீன் மாற்றியது. எல்லாக் கிளைக்கும் ஒரே உலோகம் என்ற பொதுவிதி இல்லை: ஹைட்ராக்சிமெத்தில் கிளை என்றால் மாலிப்டினம், மெத்தில் கிளை என்றால் கால்சியம்.

2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோமான்-லெஷ்கோவ் குழு வெள்ளீயம் பொதிந்த சியோலைட்டோடு போரேட் உப்பைச் சேர்த்துக் குளுக்கோஸை மானோஸாக்கியது. போரேட் இல்லாவிட்டால் அதே வெள்ளீயம் குளுக்கோஸை ஃபிரக்டோஸாக்கும். ஹைட்ரஜன் ஒன்று இடம் மாறுகிறது. போரேட்டைச் சேர்த்ததும் கார்பனே இடம் மாறுகிறது. வடிகட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய திட வினையூக்கி என்பதால் ஆலைக்காரர்களின் கவனம் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

2001-இல் சர்க்கரை உருமாற்றங்களைப் பற்றி வெளியான ஒரு தொகுப்பு நூலில் பெட்ருஷ், பெட்ருஷோவா, ஹ்ரிட்சோவீனியோவா மூவரும் எழுதிய அத்தியாயத்தின் தலைப்பு: ‘பீலிக் வினை’. ஒரு வினைக்கு ஒருவர் பெயர் நிலைப்பது வேதியியலில் பெரிய கௌரவம். கார்பன் இடம் மாறியதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு, கிளைவிடவைத்தவர்கள் வேறு. பெயர் மட்டும் முதலில் பாத்திரத்தைச் சூடாக்கியவருக்கு. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

அடுத்த அத்தியாயத்தில் கிளைச் சர்க்கரைகளில் மிகப் பிரபலமானதைப் பார்ப்போம்: ஸ்ட்ரெப்டோஸ். 1943 அக்டோபரில் ரட்கர்ஸ் கல்லூரியின் அடித்தளக் கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், அவருக்கும் பேராசிரியர் வாக்ஸ்மனுக்கும் நடுவே நீதிமன்றம்வரை போன கதை அது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட நினைவுகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால், அதற்குள் எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)